கோரையை வென்ற கோடை

அந்த வருடம் மாசி மாதக் கடைசியில், ஒரு நாள் காலை, இரண்டு மாட்டு வண்டிகள் நிறையக் கடப்பாக்கல் எங்கள் வீட்டின் பின்சந்தில் வந்து நின்றன. வண்டிக்காரர்கள் கற்களை ஒவ்வொன்றாக இறக்கி மதிலோரம் சாய்த்து வைத்துக்கொண்டிருந்ததை நான் கூடத்துப் பின் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பாதி நூல் சுற்றிய தார்க்குச்சி இருந்தது. ராட்டினத்தை நிறுத்திவிட்டேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் இருந்தது. அண்ணன் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்கு இடப்பக்கம் சாயப் பட்டறை. பின்னால் இருபதடி அகலமும் நாற்பதடி நீளமுமான ஒரு வெற்றிடம். வெற்றிடம் என்று சொல்வது பொய். அது முழுக்கக் கோரை. மழைக்காலத்தில் முழங்காலுக்கு வளரும். கோடையில் காய்ந்து கருகிவிட்டது போல இருக்கும். ஒரு குடம் தண்ணீர் கொட்டினால் மூன்றாம் நாள் பச்சை ஊசியாக மேலே வரும். அந்த இடத்தின் ஓரத்தில்தான் அண்ணன் மூங்கில் கழி கட்டி, சாயம் போட்ட பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாக உலர்த்துவார்.

எனக்கு அப்போது முப்பது வயது முடிந்திருந்தது. ஒன்பது வயதில் படிக்கட்டிலிருந்து விழுந்து வலது முழங்கால் உடைந்தது. கட்டுப் போட்டவர் காலை நேராக வைத்துக் கட்டினார். எலும்பு கூடிவிட்டது, மூட்டு மட்டும் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. நடப்பேன், கொஞ்சம் வட்டமடித்து. நிற்பேன், எவ்வளவு நேரமானாலும். குந்த முடியாது, சப்பணம் போட முடியாது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து நின்றது. மூன்றாம் முறை யாரும் எடுக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, தெருவில் உள்ள நெசவுக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை எனக்கு முன்னால் இருப்பது அந்த ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் கோரை.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "எதுக்கு அண்ணா கல்லு?"

"பின்னால பாவிடலாம்னுதான். பட்டு ஈரமா இருக்கும்போது இந்தக் கோரைப்பூ வந்து ஒட்டிக்கினு உயிர வாங்குது. கல்லு போட்டுட்டா ஒரேயடியா தீந்துது."

"எல்லாத்தையுமா பாவப் போறீங்க?"

"எல்லாத்தையும்தான். பின்ன இன்னா?"

கடப்பாக்கல் வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். நாள் முழுக்க அந்தக் கருப்பையும் அந்தக் கொதிப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை நான் அண்ணனிடம் எதையும் எனக்காகக் கேட்டதில்லை. எங்கிருந்து வந்ததோ, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கோரைய நான் எடுத்துடறேன். அந்த இடத்தை எனக்குத் தோட்டம் போடக் குடுங்க."

அண்ணன் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை; குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. எனக்கு அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

"பாப்பா, அது கோரைம்மா. நம்ப அப்பாவாலயே ஆவல. நீ எடுத்துடுவியா?"

"எடுக்கறேன்."

ரசம் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணி என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள். அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "கொத்தனாரு ஆடி மாசம்தான் வரேன்னு சொல்லிக்கிறாரு. அதுவரைக்கும் கல்லு சும்மாத்தான் இருக்கும். ஆடி பொறக்கறதுக்குள்ள நீ எடுத்துட்டா எடம் உன்னுது. இல்லன்னா அப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

மறுநாள் காலையே ஆரம்பித்தேன். வீட்டில் ஒரு களைக்கொத்து இருந்தது. ஒரு சாண் கைப்பிடி, உள்ளங்கை அகலத்துக்கு இரும்பு. எல்லாரும் அதைக் குந்திக்கொண்டுதான் பிடிப்பார்கள். நான் ஒரு பலகையைத் தரையில் போட்டு, சுவரைப் பிடித்து இறங்கி, காலை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்தபடி கொத்தினேன். கைக்கு எட்டிய வட்டத்தை முடித்துவிட்டு நகர வேண்டுமானால் பலகையோடு சேர்ந்து இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு முறம் அளவு இடம் எடுத்திருப்பேன். அடுத்த நகர்வில் பலகை சரிந்தது. நான் மல்லாந்து விழுந்தேன். எழுந்திருக்கப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கிற நீ? எலும்ப ஒடச்சிக்கினா யாரு பாக்கறது?" என்று கத்தினாள். பிறகு புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். "உனக்கு எடம் சுத்தமா ஆவணும், அவ்ளோதான? நகரு. நாலு நாள்ல நான் முடிச்சுத் தரேன்."

அண்ணி குள்ளமான, இறுகிய உடம்புக்காரி. ஒரு வேலையைப் பிடித்தால் அது முடியும் வரை சோறு தண்ணீர் நினைப்பு இருக்காது. சொன்னபடி நாலே நாளில், மண்வெட்டியால் கொத்தி, களைக்கொத்தால் கிளறி, கையால் பிடுங்கி, இருபதுக்கு நாற்பதடியையும் கூடம் போல ஆக்கிவிட்டாள். பிடுங்கிய கோரை சந்தில் குவியலாகக் கிடந்தது. அண்ணியின் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். அண்ணன் வந்து பார்த்து, "அட!" என்றார். எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் நான் ஜெயித்ததாக இல்லை.

ஒன்பதாம் நாள் காலை ஜன்னலைத் திறந்தேன். தரை முழுக்கப் பச்சை. முன்பு இடைவெளி விட்டு முளைத்த இடங்களில் கூட இப்போது நெருக்கமாக ஊசிகள். மண்வெட்டி ஒவ்வொரு வேரையும் நாலாக வெட்டியிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் இருந்த கிழங்கு தனித்தனிக் கோரையாக எழுந்துவிட்டது. அண்ணி வாசற்படியில் நின்று பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன்.

"நாசமாப் போவ," என்று கோரையைத் திட்டிவிட்டு உள்ளே போய், உப்புப் பானையோடு வந்தாள். எதிர்வீட்டம்மா சொன்னாளாம், கல்லுப்பு கொட்டினால் எதுவும் முளைக்காதென்று. கிணற்றடி மூலையில் ஒரு பானை உப்பையும் கொட்டித் தண்ணீர் விட்டாள். பத்து நாளில் பக்கத்திலிருந்த வாழைக்கன்று ஓரம் கருகிச் செத்தது. கோரை கொஞ்சம் மஞ்சளாகி யோசித்துவிட்டு, மறுபடி வளர்ந்தது.

பங்குனி உற்சவம் வந்தது. அண்ணி குழந்தைகளையும் என்னையும் ஊரில் உள்ள பெரிய சிவன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். சாமி புறப்பாட்டுக்கு நேரமிருந்தது. எல்லாரும் பிராகாரத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். நான் வழக்கம் போல ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். எனக்கு நேரே அறுபத்து மூவர் வரிசை. சின்ன வயதிலிருந்து பார்த்த சிலைகள்தான். அதில் ஒருவர் தோளில் நீளமான ஒரு கோலைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். கோலின் முனையில் இலை மாதிரி ஒரு தகடு. உழவாரம். கோயில் பிராகாரத்தில் முளைக்கிற புல்லைச் செதுக்குகிற கருவி.

பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கும்பிட்டுவிட்டுப் போன சிலை. அன்று கால் வலிக்க நின்றுகொண்டிருந்ததாலோ என்னவோ, ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அவர் நிற்கிறார். குந்தவில்லை. கோல் அவர் தலைக்கு மேலே போகிறது. அவ்வளவு நீளக் கோலை யாரும் உட்கார்ந்து பிடிக்க முடியாது. அப்படியானால் இந்த மனிதர் ஊர் ஊராகப் போய் நின்றபடியேதான் களையெடுத்திருக்கிறார்!

"அண்ணி, அண்ணி, இங்க வாங்க!"

அண்ணி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பதறி ஓடிவந்தாள். "இன்னா ஆச்சு? கால் மரத்துப்போச்சா?"

"இவர் கையில பாருங்க. இது ஒண்ணு எனக்கு வேணும்."

அண்ணி சிலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி கையில இருக்கறதையா கேக்கற?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து என்னைக் கூட்டிப்போனாள். ஏனாத்தூர் போகிற சாலையில் ஒரு கொல்லன் பட்டறை. கொல்லர் ஐம்பது வயதுக்காரர். அவர் மனைவி துருத்தி ஊதிக்கொண்டிருந்தாள். நான் தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். அவர் உடனே புரிந்துகொண்டார்.

"உழவாரம். நான் இதுவரைக்கும் ஒண்ணு கூட அடிச்சதில்லம்மா. எங்க செதுக்கப் போறீங்க? கல்லு இடுக்கிலயா, மண்ணுலயா?"

"மண்ணுல. வீட்டுக்குப் பின்னால. கோரை."

கோரை என்றதும் துருத்தி நின்றது. அந்த அம்மா எட்டிப் பார்த்து, "கோரையா? கஷ்டம்மா," என்றாள்.

முதலில் அவர் அடித்துக் கொடுத்தது சிலையில் இருந்ததைப் போலவே இருந்தது. நேரான கோல், முனையில் நேராக ஒரு தகடு. வீட்டில் கொண்டுவந்து தள்ளினேன். இரண்டடி போயிருக்காது, முனை மண்ணில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. கோலின் மறுமுனை என் வயிற்றில் இடித்தது. நாலு முறை தள்ளினேன், நாலு முறையும் இடி. கருங்கல் தளத்து இடுக்குக்கு அது சரி. மண்ணுக்கு ஆகாது. அண்ணன் பட்டறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மதிலோரக் கற்களை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

மறுபடி ரிக்‌ஷா. கொல்லர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டே போனேன். அவரோ, "தள்ளிக் காட்டுங்க," என்று பட்டறை வாசலிலேயே தள்ளச் சொன்னார். நான் நிற்கிற நிலையையும், வலது காலைப் பின்னால் ஊன்றிக்கொள்வதையும், கை இருக்கிற உயரத்தையும் இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். "உங்க கால் பின்னால நிக்குதும்மா. அப்போ கோல் படுத்தாப்பல வரும். தகடு தரையோட படியணும். கழுத்தை வளைக்கணும்," என்றார். மரவாடியில் தேய்ந்துபோன ரம்பத் தகடு ஒன்று அவரிடம் கிடந்தது. அதை அகலமாக வெட்டி, முன் விளிம்பு பின் விளிம்பு இரண்டையும் கூர் ஏற்றினார். தள்ளினாலும் வெட்டும், இழுத்தாலும் வெட்டும். கழுத்தை நெருப்பில் காய்ச்சி வளைத்து, என் நெஞ்சு உயரத்துக்குக் கெட்டி மூங்கிலில் கோல் போட்டுத் தந்தார்.

அதைக் கொண்டுவந்து முதல் தள்ளு தள்ளியபோது வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கத்தரிக்கோல் விறைப்பான கோராப் பட்டுத் துணியை வெட்டும்போது வருமே, அந்தச் சரக். ஒரு விரற்கடை ஆழத்தில் தகடு மண்ணுக்குள் ஓடியது. அதன் மேல் கோரை அப்படியே நின்ற நிலையில் சாய்ந்தது. ஒரு தள்ளு, ஒரு இழுப்பு, ஒரு அடி முன்னே. சமையல் முடிவதற்குள் கிணற்றடியிலிருந்து மூங்கில் கழி வரை போய்விட்டேன். முதுகு வலிக்கவில்லை, கால் வலிக்கவில்லை, யாரும் என்னைத் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை.

அண்ணி மட்டும் திருப்தியடையவில்லை. "மேல வெட்டினா ஆச்சா? கிழங்கு உள்ள இருக்குதே. மறுபடி வரும்," என்றாள். அவள் சொன்னது சரி. ஆனால் எந்த வழி பலிக்கும் என்று யாருக்கும் தெரியாததால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, நிலத்தை மூன்று பங்காகப் பிரித்தோம்.

முதல் பங்கில் அண்ணியின் வழி. அண்ணனின் சாயப் பட்டறை ஆட்கள் இருவர் கடப்பாரையால் ஒரு முழ ஆழம் மண்ணைப் புரட்டிக் கட்டி கட்டியாக வெயிலில் போட்டார்கள். சித்திரை வெயில் பதினைந்து நாள் அதைக் காய்ச்சியது. பிறகு கட்டிகளை உடைத்து, கொத்தனார் மணல் சலிக்கிற பெரிய கம்பிச் சல்லடையில் அண்ணி மண்ணைச் சலித்தாள். சல்லடையில் நின்றது எல்லாம் கோரைக்கிழங்கு. கருப்பாக, முடி முடியாக, கொட்டைப்பாக்கு அளவில். கூடை கூடையாக வந்தது. அதை அண்ணி தூக்கிப்போடவில்லை. கழுவிக் காயவைத்து, பயறோடும் கஸ்தூரி மஞ்சளோடும் அரைத்து, குழந்தைகளுக்குக் குளிக்கிற மாவாக்கிவிட்டாள். "நம்மள இம்மாம் பாடு படுத்திச்சில்ல, ஒடம்புல தேச்சிக்கலாம்," என்றாள்.

இரண்டாம் பங்கு என் வழி. தோண்டுவதில்லை, சலிப்பதில்லை. தலை காட்டும்போதெல்லாம் உழவாரம், அவ்வளவுதான். ஐந்து நாளுக்கு ஒரு முறை. இலை விரிந்து கிழங்குக்குச் சோறு அனுப்புவதற்குள் வெட்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு. எத்தனை தரம் எழுந்திருக்கும், பார்த்துவிடலாம் என்று ஒரு பிடிவாதம்.

மூன்றாம் பங்குதான் சின்னது. அதில் அண்ணனின் கற்களையே பன்னிரண்டு எடுத்து, பட்டறை ஆட்களைக் கொண்டு நெருக்கமாகப் பாவினோம். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. "கடைசியில கல்லுக்குத்தான் வந்து சேருவீங்க," என்றார்.

வைகாசி நடுவில் ஒரு சாயங்காலம் இடி இடித்து நல்ல மழை பெய்தது. அந்த மழைதான் எங்கள் பரீட்சை. நாலாம் நாள் காலை நான் அண்ணனைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டேன். சாயம் படிந்த கையோடு வந்தார். மூன்று பங்குகளையும் அவரே பார்க்கட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

அண்ணி சலித்த பங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோரை. என் பங்கில் எங்கும் கோரை இருந்தது. ஆனால் மெலிந்து, வெளுத்து, தையல் நூல் மாதிரி. கற்களைப் பாவிய இடத்தில் அண்ணன் நின்றுவிட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே இருந்த இடுக்கில் வரிசையாகப் பச்சை ஈட்டிகள், நட்டு வைத்தது போல நேர்கோட்டில், மற்ற இரண்டு பங்கிலும் இல்லாத கொழுப்போடு வளர்ந்திருந்தன. கல்லுக்கடியில் ஈரம் காயாமல் இருந்திருக்கிறது. அண்ணன் குனிந்து ஒரு கல்லை நெம்பிப் பார்த்தார். அடியில் வெள்ளை வெள்ளையாக வேர் பின்னிக் கிடந்தது.

"கல்லு மேல கூட வருதே!" என்றார்.

"கல்லுக்கு நடுவுல, அண்ணா. அங்க உழவாரம் கூட போவாது. கையாலதான் பிடுங்கணும். அதையும் நீங்களே பிடுங்கிக்குங்க."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கல்லைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே போனார். ஆனால் தோற்றுவிட்டதாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை; ஆடி இன்னும் வரவில்லை.

பாவிய பன்னிரண்டு கல்லையும் பெயர்த்து மதிலோரம் வைத்துவிட்டு, அதன் பிறகு முழு இடத்திலும் ஐந்து நாளுக்கு ஒரு முறை உழவாரம் ஓடியது. இரண்டாம் வெட்டு, மூன்றாம் வெட்டு, ஐந்தாம் வெட்டு. ஒவ்வொரு முறையும் வருவது குறைந்தது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரைக்குள் முடித்துவிடுவேன், பிறகு தார். என் கைகள் உரம் ஏறின. பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அதிகாலையில் தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னைக்கு எவ்ளோ எழுந்துச்சு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

ஆனி மாதம் பிறந்து பத்து நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு அடித்து, பன்னிரண்டு நாள் படுக்கையில் போட்டது. உடம்பை விட மனசுதான் கொதித்தது. பன்னிரண்டு நாள் விட்டால் அதுவரை செய்ததெல்லாம் வீண். இலை விரியும், கிழங்கு பருக்கும், ஆடிக்குள் பழையபடி ஆகிவிடும். சுரத்தில் என்ன உளறினேனோ தெரியாது. அண்ணி நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, "கம்முனு படு," என்றாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, காலையில் கண் விழித்தேன். சரக், சரக் என்று சத்தம். சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அண்ணி. என் நெஞ்சு உயரத்துக்குச் செய்த கோல் அவள் முகத்துக்கு நேரே நின்றது. குதிகாலைத் தூக்கி, கைகளை மேலே எட்டிப் பிடித்து, ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு முறை தடுமாறி, அவள் தள்ளிக்கொண்டிருந்தாள். குந்திக்கொண்டு களைக்கொத்தால் செய்தால் அவளுக்கு அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும். நான் செய்கிறபடியே செய்ய வேண்டும் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

"அண்ணி," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வியர்வையில் குங்குமம் வழிந்திருந்தது. "நீ ஏன் எழுந்த? போய்ப் படு. அஞ்சு நாளுக்கு ஒருக்கான்னு சொன்ன இல்ல? இன்னைக்கு அஞ்சாம் நாளு," என்றாள். பிறகு கோலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "நாலு நாள்ல முடிக்கறேன்னு வாயடிச்சேன் பாரு. இதுதான்மா வழி."

நான் படுக்கைக்குத் திரும்பி வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். காய்ச்சல் அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் இறங்கியது.

ஆடி முதல் தேதி. சொன்ன சொல் தவறாமல் கொத்தனார் வந்தார், மட்டப்பலகையும் கரண்டியும் எடுத்துக்கொண்டு. அண்ணன் அவரோடு பின்பக்கம் வந்தார். நான் கிணற்றடியில் நின்றேன், அண்ணி வாசற்படியில். அந்த வருடம் ஆனிக் கடைசியில் இரண்டு மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. கோரை எழுவதற்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இடத்துக்குள் இறங்கினார். குறுக்கே நடந்தார். நெடுக நடந்தார். கால் கட்டைவிரலால் அங்கங்கே மண்ணைக் கீறிப் பார்த்தார். மூன்று இடத்தில் குனிந்து எதையோ பிடுங்கினார். கையைத் திறந்து காட்டியபோது உள்ளே மூன்று மஞ்சள் நூல்கள் இருந்தன.

"இவ்ளோதானா?"

"நேத்து வெட்டல அண்ணா. வெட்டி ஆறு நாள் ஆச்சு. நீங்க பாக்கணும்னுதான் விட்டு வச்சேன்."

கொத்தனார் மட்டப்பலகையைத் தோளில் மாற்றிக்கொண்டு கேட்டார், "எங்க ஆரம்பிக்கறது?"

அண்ணன் தரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்தது நிலாவைக் கேட்ட குழந்தைக்கான சிரிப்பில்லை. பெரிய ஆர்டரைச் சாயம் பிசகாமல் முடித்துக் கொடுத்த ஆளை அவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். அப்படிப் பார்த்தார்.

"பட்டறை வாசல்ல," என்றார் கொத்தனாரிடம். "அங்கதான் சேறா இருக்குது. இது என் தங்கச்சியோட தோட்டம்."

அன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

விதை போட ஆடிதான் சரியான மாதம். மேற்குப் பக்கம் முழுக்கப் பறங்கி ஊன்றினோம். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் மூன்று பங்கையும் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டிருந்தது: பக்கத்து வீட்டு முருங்கையின் நிழல் விழுகிற மூலையில் மட்டும் கோரை எப்போதும் சோனியாகவே இருந்தது. வெயில் இல்லையென்றால் அதற்கு ஆகாது. பறங்கி இலை விசிறி போல விரியும். விரிந்தால் ஒரு சொட்டு வெயில் தரைக்குப் போகாது. கிழக்கே கத்தரி, வெண்டை, பாத்தி கட்டி முளைக்கீரை. பாத்திகளுக்கு நடுவில் உழவாரத் தகடு ஓடுகிற அகலம் விட்டே எல்லாம் ஊன்றினேன். ஐப்பசி மழை வந்து ஊரே பச்சையானபோது, எங்கள் பின்பக்கம் பறங்கிக் கொடி மதில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. இலையை விலக்கிப் பார்த்தால் எங்கோ ஒரு கோரை, வெயிலைத் தேடி வெளுத்துப்போய், தொட்டால் மடிகிற மாதிரி நின்றது.

பொங்கலுக்குப் பறங்கிக்காய் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. மார்கழிக் கடைசியில் அறுத்தோம். கூடத்தில் அடுக்கியபோது நடக்க இடமில்லை. போகிக்கு முன்தினம் அண்ணி கூடையைச் சுமக்க, நான் பக்கத்தில் நடக்க, வீடு வீடாகக் கொடுத்தோம். அவ்வளவு தூரம் அந்தத் தெருவில் நான் நடந்தது அதற்கு முன் எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்டார்கள். எந்த மண், எந்த உரம் என்று யாரும் கேட்கவில்லை. "கோரைய எப்படிம்மா ஒழிச்ச?" என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் அது இருந்தது.

தை பிறந்து பத்தாம் நாள், அடுத்த தெருவிலிருந்து ஒரு அம்மா வந்தாள். நான் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்றபடியே அண்ணியிடம் கேட்டது காதில் விழுந்தது. "கோரைக்காரம்மா வீடு இதுதான?"

அண்ணி ஒரு நொடி திகைத்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், "இதேதான். உள்ள இருக்குது, வாங்க," என்றாள்.

அந்த அம்மா வீட்டுக் கொல்லையில் மல்லிகைப் பந்தல் அடியெல்லாம் கோரை ஏறிவிட்டதாம். வந்து ஒரு தரம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான் தாரை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு எழுந்தேன். பின்பக்கம் போய், சுவரில் சாய்த்திருந்த உழவாரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா என் காலைப் பார்த்துவிட்டு, ரிக்‌ஷா பிடிக்கட்டுமா என்று தயங்கினாள்.

"வேணாம்மா," என்றேன். "நடந்தே போலாம். முதல்ல எம்மாம் எடம்னு சொல்லுங்க."